மூன்றாவது வாரத்தில் சோப்பில் ஆரஞ்சுப் புள்ளி: எங்கே தவறு?

உப்பங்காற்று | நவம்பர் 9, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நாகப்பட்டினத்தில் இருந்து எழுதுகிறேன். இரண்டு வருடமாக வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் சோப்பு போடுகிறேன். இப்படி ஒரு தடவைகூட ஆனதில்லை.

அக்டோபர் 18-ல் போட்டது. தேங்காய் எண்ணெய் 400 கிராம், நல்லெண்ணெய் 350, தவிட்டு எண்ணெய் 150, விளக்கெண்ணெய் 100. காஸ்டிக் சோடா 140 கிராம், தண்ணீர் 330. சூப்பர்ஃபேட், அதாவது சோப்பாகாமல் மிச்சம் நிற்கிற எண்ணெய், 8 சதவீதம் வருகிற மாதிரி கணக்குப் போட்டேன். மறுநாள் அச்சிலிருந்து எடுத்து 12 கட்டியாக வெட்டி, மாடி அறையில் காயவைத்தேன். முதல் இரண்டு வாரம் பால்கோவா நிறத்தில் அழகாக இருந்தது.

இன்று திருப்பி வைக்கும்போது பார்க்கிறேன், ஏழு கட்டிகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள். சில ஊசிமுனை அளவு, சில மிளகு அளவு. புள்ளி இருக்கிற இடம் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறது. தீபாவளி முறுக்கை டின்னில் மறந்துவிட்டுப் பொங்கலுக்குத் திறந்தால் ஒரு வாடை வருமே, மோந்து பார்த்தால் அதே வாடை.

தை மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். தாம்பூலப் பையில் வைக்க 200 கட்டி போட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரமே ஆரம்பித்தால்தான் காய நேரம் இருக்கும். காரணம் தெரியாமல் கை வைக்கப் பயமாக இருக்கிறது.

பாசிப்பயறு | நவம்பர் 9, இரவு 10.15

அக்கா, வெள்ளையாகப் பூத்திருந்தால் அது சோடா சாம்பல், கவலையே இல்லை. மேலே முத்து முத்தாக நீர் நின்றால் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது, அதுவும் தானாகப் போய்விடும். ஆரஞ்சு என்றால் எண்ணெய் காறிப் போகிறது என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் விட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றுவேன். நல்ல வெயிலில் ஒரு நாள் வைத்துப் பாருங்களேன், ஈரமாவது போகும்.

செக்கடி | நவம்பர் 10, காலை 6.05

வெயில் வேண்டாம்மா, தயவுசெய்து. வெளிச்சமும் சூடும் காறலை வேகப்படுத்தும். இன்றைக்குப் புள்ளி இல்லாத ஐந்து கட்டிகளும் சேர்ந்து கெட்டுவிடும்.

எனக்கு நான்கு விஷயம் தெரிய வேண்டும். எதன் மேல் வைத்துக் காயவைத்தீர்கள்? என்ன தண்ணீர்? காஸ்டிக் பாக்கெட்டை எப்போது பிரித்தீர்கள்? எண்ணெய்கள் எப்போது வாங்கியவை? காங்கேயத்தில் எண்ணெய் மில் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் இருந்தவன் நான். கெட்டுப்போன எண்ணெயைப் பார்த்தால் இந்தக் கேள்விகள்தான் முதலில் வரும்.

உப்பங்காற்று | நவம்பர் 10, காலை 11.20

அண்ணா, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பாத்திரம் கவிழ்க்கிற பழைய கம்பித் தட்டின் மேல் வைத்தேன். முலாம் பூசிய கம்பி, அங்கங்கே முலாம் போய் லேசாகத் துரு. தண்ணீர், போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து வடிகட்டியது. காஸ்டிக், சித்திரையில் பிரித்த பாக்கெட், ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். நல்லெண்ணெய் செக்கில் ஆட்டியது, போன பொங்கலுக்கு வாங்கியதில் மிச்சம். மற்ற எண்ணெய்கள் புதுசு.

நீங்கள் கேட்ட பிறகு கட்டிகளைத் திரும்ப அதே தட்டில் பழைய இடத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழில் ஐந்து கட்டிகளில் புள்ளிகள் வரிசையாக நிற்கின்றன, கம்பி பட்ட இடத்திலேயே. ஒரு கட்டியில் மூன்று வரிசை, நடுவே ஒன்றரை விரற்கடை இடைவெளி. தட்டின் கம்பிக்கும் அதே இடைவெளிதான். இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை.

செக்கடி | நவம்பர் 10, இரவு 8.30

அப்படியானால் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், 200 கட்டிக்கு இது தேவைப்படும்.

எண்ணெய் காறுவது என்பது அதிலுள்ள சில கொழுப்பு அமிலங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உடைவது. எல்லா அமிலமும் ஒரே வேகத்தில் உடையாது. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அதனிடம் ஆக்சிஜனின் வேலை எளிதில் நடக்காது. வம்பு பண்ணுவது லினோலெயிக் அமிலம், அதைவிட வேகமாக லினோலெனிக். லினோலெயிக் தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் அளவில்தான். நல்லெண்ணெயில் 40-க்கு மேல், தவிட்டு எண்ணெயில் 30-க்கு மேல், கடலை எண்ணெயில் 30-ஐ ஒட்டி. சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் 60-ஐயும் தாண்டும். உங்கள் கலவைக்குப் போட்டுப் பார்த்தால் மொத்தத்தில் 20, 21 சதவீதம் லினோலெயிக் வருகிறது. நான் 15-க்குக் கீழே வைப்பேன், ஈரமான ஊர் என்றால் 12.

அடுத்தது சூப்பர்ஃபேட். 8 சதவீதம் என்று நினைத்துத்தான் 140 கிராம் போட்டீர்கள். ஆனால் சித்திரையில் பிரித்த காஸ்டிக் செதில், கடற்கரை ஊரில், ரப்பர் பேண்ட் கட்டிய பாக்கெட்டில் ஐப்பசி வரை இருந்திருக்கிறது. காஸ்டிக் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், கரியமில வாயுவை இழுத்துக் கார்பனேட்டாக மாறும். நீங்கள் எடை போட்ட 140-ல் பத்து கிராம் ஈரமும் கார்பனேட்டுமாக இருந்தால்கூட, வேலை செய்தது 130 கிராம்தான். உங்கள் எண்ணெய்கள் முழுதாகச் சோப்பாக மாற ஏறக்குறைய 152 கிராம் தேவை. அதாவது 15 சதவீதம் எண்ணெய் சோப்பாகாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, மழைக்காலத்தில் மட்டும் சோப்பு கெடுகிறது என்று மழையைத்தான் குறை சொல்வார்கள்.

மூன்றாவது இரும்பு. செம்பும் இரும்பும் துளி அளவு இருந்தாலே காறலை முடுக்கிவிடும். செம்பு இன்னும் மோசம். துருப்பிடித்த கம்பியில் ஈரமான சோப்பு மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறது. போர் தண்ணீரிலும் இரும்பு இருக்கலாம். கொதிக்க வைப்பதும் வடிகட்டுவதும் கரைந்த இரும்பை முழுசாக எடுக்காது. வரிசையாக நிற்கிற புள்ளிகளுக்குக் கம்பி காரணம். வரிசை இல்லாமல் சிதறி நிற்கிற மற்ற இரண்டு கட்டிக்குத் தண்ணீரையும் பழைய நல்லெண்ணெயையும்தான் சந்தேகப்படுகிறேன். எண்ணெய் ஏற்கெனவே காற ஆரம்பித்திருந்தால் சோப்பில் அது நிற்காது, தொடரும்.

விட்டமின் ஈ பற்றி: எண்ணெய்ப் பாட்டிலில் அது நல்ல காவல். காஸ்டிக்கோடு சேர்ந்த பிறகு சோப்பில் அது பெரிதாகக் காப்பாற்றி நான் பார்த்ததில்லை.

எள்ளுக்காடு | நவம்பர் 11, காலை 7.50

விருதுநகர்க்காரன். நல்லெண்ணெயைக் குற்றவாளி ஆக்குவதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஊறுகாயை வருடக்கணக்கில் காப்பாற்றுகிற எண்ணெய் அது. செசமால், செசமோலின் என்று இயற்கையாகவே காறலைத் தடுக்கிற பொருள்கள் அதில் இருக்கின்றன. மற்ற எண்ணெய்களோடு சேர்த்து லினோலெயிக் கணக்கில் மட்டும் அதை நிறுத்துவது நியாயம் இல்லை.

செக்கடி | நவம்பர் 11, மதியம் 1.10

நீங்கள் சொல்வது உண்மை, எண்ணெயாக இருக்கும் வரை. லினோலெயிக் இவ்வளவு இருந்தும் நல்லெண்ணெய் தாங்குவதற்குக் காரணமே அந்தப் பொருள்கள்தான். ஆனால் காஸ்டிக்கின் காரத்தில் அவை அப்படியே நிற்கும் என்று நம்பி நான் இரண்டு தடவை சோப்பு போட்டிருக்கிறேன், நல்லெண்ணெய் 60 சதவீதம் வைத்து. ஒன்று நான்கு மாதத்தில் புள்ளி விட்டது, மற்றொன்று ஆறு மாதத்தில். 15 சதவீதம் வைத்துப் போட்டவை ஒன்றரை வருடம் தாண்டியும் சுத்தமாக இருக்கின்றன. வேண்டாம் என்று சொல்லவில்லை, அளவு குறையட்டும், எண்ணெய் புதுசாக இருக்கட்டும். அதன் நுரையின் வழவழப்பு எனக்கும் பிடிக்கும்.

எள்ளுக்காடு | நவம்பர் 11, மதியம் 2.00

சரி, அளவில் உடன்படுகிறேன். நான் 20 வரை போவேன், ஆட்டிய ஒரு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுவேன். தவிட்டு எண்ணெயை விட்டுவிடலாம் என்பதிலும் மாற்றுக் கருத்து இல்லை.

மூங்கில்தட்டு | நவம்பர் 11, இரவு 11.30

சிங்கப்பூரில் இருந்து எழுதுகிறேன். இங்கே வருடம் முழுக்க உங்கள் ஐப்பசிதான். முதல் வருடம் என் சோப்புகள் எல்லாமே வேர்த்துக் கொட்டின. நான் துணி வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்கத் துடைக்க மேல்பரப்பு கொழகொழவென்று ஆகித் தூசி ஒட்டியதுதான் மிச்சம். அதற்குப் பதிலாக அறையைக் காயவைக்க வேண்டும் என்று அப்புறம்தான் புரிந்தது.

இப்போது செய்வது: சின்ன அறை, ஜன்னல் மூடி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ராத்திரி மட்டும். அது இல்லாதவர்கள் மேசை விசிறியைச் சோப்பின் மேல் நேராக வைக்காமல் சுவரைப் பார்த்துத் திருப்பி ஓடவிடலாம், காற்று நகர்ந்தால் போதும். கட்டிகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி. மூங்கில் தட்டின் மேல் பட்டர் பேப்பர், மூன்று நாளைக்கு ஒரு தடவை பக்கம் மாற்றி நிறுத்துவேன். செய்தித்தாள் விரிக்காதீர்கள், மை ஒட்டும். மழை பெய்கிற நேரத்தில் ஜன்னலைத் திறந்து "காற்றாட" விடுவது தலைகீழ் வேலை, ஈரம் உள்ளேதான் வரும். காய்ந்ததா என்று நாள் எண்ணுவதைவிட எடை போடுவது நல்லது. ஒரு கட்டியில் பென்சிலால் குறி போட்டு வாரம் ஒரு தடவை தராசில் வையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை அசையவில்லை என்றால் காய்ந்துவிட்டது.

குப்பைமேனி | நவம்பர் 12, மாலை 4.45

நான் புதுசு, திருநெல்வேலி. இதே இழையில் கேட்கலாமா? எனக்குப் புள்ளி இல்லை, ஆனால் நிறம் மொத்தமாக மாறுகிறது. மஞ்சள் தூள் போட்டேன், கலக்கும்போதே ரத்தச் சிவப்பு ஆகிவிட்டது. குப்பைமேனிப் பொடி போட்டது முதலில் பச்சை, இப்போது காய்ந்த சருகு நிறம். மேலே தூவிய ரோஜா இதழ் கறுத்துப் போனது. எல்லாமே கெட்டுவிட்டதா?

பாசிப்பயறு | நவம்பர் 12, மாலை 6.20

கெடவில்லை தம்பி. மஞ்சள் சிவந்ததற்கு வீட்டிலேயே பதில் இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கிறது இல்லையா, அதேதான். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். சோப்பு காயக் காயக் காரம் இறங்கும், அந்தச் சிவப்பு செங்கல் நிறமாகி, அப்புறம் ஆரஞ்சு கலந்த மஞ்சளுக்கு வரும். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போடாதே. வெளிச்சத்தில் வைத்தால் வெளுத்துவிடும், நிழலில் வை.

பச்சை இலைப் பொடி எதுவும் நிற்காது. பச்சையம் காரத்திலும் வெளிச்சத்திலும் பழுப்பாகிவிடும். வேப்பிலை, குப்பைமேனி, துளசி எல்லாம் கடைசியில் ஒரே காக்கி நிறம்தான். இதை ஏற்றுக்கொண்டால் நிம்மதி. பச்சையேதான் வேண்டும் என்றால் சோப்புக்கென்றே விற்கிற பச்சைக் களிமண்ணைத் தேடு. இதழ்களில் காரத்தை நன்றாகத் தாங்குவது காலெண்டுலா (சாமந்தி மாதிரி ஒரு பூ), ரோஜாவும் செம்பருத்தியும் கறுக்கும். மேலே தூவவே வேண்டாம், ஈரம் பட்டால் இதழில் பூஞ்சை பிடிக்கும்.

வாசனை எண்ணெய் போட்டாயா? வெனிலா கலந்த எதுவும் சோப்பைக் காப்பித்தூள் நிறத்துக்குக் கொண்டுபோகும், வெனிலின் செய்கிற வேலை அது. பால், தேன், கருப்பட்டி போட்டாலும் சர்க்கரை சூட்டில் கருகிப் பழுப்பாகும். நான் தேங்காய்ப்பாலை ஐஸ்கட்டியாக உறையவைத்து அதன் மேல்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவேன்.

அடையாளம் இதுதான்: நிறம் கட்டி முழுக்கச் சமமாக மாறி, வாடை நல்லதாக இருந்தால் கெடவில்லை. புள்ளி புள்ளியாக வந்து, சிக்கு வாடை அடித்தால் கெடுகிறது.

குப்பைமேனி | நவம்பர் 12, மாலை 6.50

நன்றி அக்கா. ஆரத்தி என்று சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். கற்றாழையை அப்படியே அரைத்துப் போட்ட ஒரு கட்டியில் மட்டும் பஞ்சு மாதிரி சாம்பல் நிறத்தில் ஏதோ இருக்கிறது, கட்டிக்குள்ளே இல்லை, மேலே ஒட்டியிருக்கிற நாரில்.

பாசிப்பயறு | நவம்பர் 12, இரவு 7.10

அது பூஞ்சை. அந்தக் கட்டியைத் தூக்கிப் போடு. சோப்பின் காரத்தில் பூஞ்சை லேசில் வளராது, ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற நாருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கற்றாழையை நன்றாக அடித்து, மெல்லிய துணியில் வடிகட்டி, தண்ணீரின் அளவில் அதைக் கழித்துச் சேர்.

உப்பங்காற்று | நவம்பர் 13, காலை 10.00

எல்லோருக்கும் நன்றி. செக்கடி அண்ணா, புதுக் கலவை இப்படி யோசித்திருக்கிறேன்: தேங்காய் எண்ணெய் 400, பாமாயில் 350, புது நல்லெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 100. சூப்பர்ஃபேட் 5. டிஸ்டில்ட் வாட்டர், புது காஸ்டிக். சிட்ரிக் அமிலம் சேர்த்தால் இரும்பைக் கட்டிப்போடும் என்று படித்தேன். சேர்க்கலாமா? ரோஸ்மேரி எண்ணெயும் காறலைத் தடுக்குமாமே, வீட்டில் ஒரு சின்னப் பாட்டில் இருக்கிறது.

செக்கடி | நவம்பர் 13, மாலை 5.40

நல்ல கலவை. லினோலெயிக் 11 சதவீதம் அளவில் வருகிறது.

சிட்ரிக் அமிலம் சேருங்கள், எண்ணெய் எடையில் 1 சதவீதம் போதும். அது காஸ்டிக்கோடு சேர்ந்து சோடியம் சிட்ரேட் ஆகும், அந்தச் சிட்ரேட்தான் கரைந்த இரும்பையும் செம்பையும் பிடித்துவைக்கும். உப்புத் தண்ணீரில் குளிக்கும்போது படிகிற வெள்ளை அழுக்கும் குறையும், உங்கள் ஊருக்கு அதுவும் லாபம். ஆனால் அது காஸ்டிக்கைத் தின்னும், கணக்கில் ஏற்ற வேண்டும். பாக்கெட்டில் மோனோஹைட்ரேட் (நீர் சேர்ந்தது) என்று போட்டிருந்தால் 10 கிராமுக்கு 5.7 கிராம் காஸ்டிக் கூடுதல், அன்ஹைட்ரஸ் (நீர் இல்லாதது) என்றால் 6.2. இதை விட்டுவிட்டால் மறுபடியும் சூப்பர்ஃபேட் ஏறிவிடும்.

உங்கள் ஒரு கிலோவுக்கு என் கணக்கில் எண்ணெய்க்கு 148, சிட்ரிக்குக்கு 6, ஆக 154 கிராம். தண்ணீர் 308, காஸ்டிக்கின் இரண்டு மடங்கு. போன தடவையைவிடத் தண்ணீர் குறைவு, சீக்கிரம் காயும், சாம்பலும் குறைவாகப் பூக்கும். நீங்களும் கால்குலேட்டரில் ஒரு தடவை போட்டுச் சரிபாருங்கள், என் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். முதலில் தண்ணீரில் சிட்ரிக்கைக் கரைத்து, அப்புறம் காஸ்டிக்கைத் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக. வழக்கத்தைவிடச் சூடாகும். கண்ணாடியும் கையுறையும் மறக்காதீர்கள். எவர்சில்வர் பாத்திரம் அல்லது தடித்த பிளாஸ்டிக். அலுமினியம் கிட்டேயே வரக்கூடாது.

ரோஸ்மேரி வாசனை எண்ணெய் வேறு, ரோஸ்மேரி ஓலியோரெசின் வேறு. வீட்டில் இருப்பது வாசனை எண்ணெயாக இருக்கும், அது மணக்கும், அவ்வளவுதான். ஓலியோரெசின் என்பது இலையிலிருந்து பிரித்தெடுத்த சாரம், கெட்டியாக, கரும்பச்சையாக இருக்கும். ஒரு கிலோ எண்ணெய்க்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம். எண்ணெய் புதுசாக வந்த அன்றே டப்பாவில் கலந்துவிட வேண்டும், காற ஆரம்பித்த பிறகு கலந்து பயனில்லை. கிடைத்தால் சேருங்கள், கிடைக்காவிட்டால் சிட்ரிக்கோடு போங்கள்.

மிச்சக் காஸ்டிக்கை இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பிரித்த தேதியை மேலே எழுதி வையுங்கள்.

எள்ளுக்காடு | நவம்பர் 13, இரவு 8.15

பழைய 12 கட்டியை என்ன செய்யப் போகிறீர்கள்? உருக்கித் திரும்ப ஊற்றலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். காறலைச் சமமாகப் பரப்பிவிடுவதுதான் அது. புள்ளி சின்னதாக இருப்பவற்றைக் கத்தியால் கெல்லி எடுத்துவிட்டு வீட்டில் சீக்கிரம் தீர்த்துவிடலாம். வாடை ஏறியவை தரை துடைக்க, கால்மிதி துவைக்க. யாருக்கும் கொடுக்காதீர்கள். புள்ளி இல்லாத ஐந்தையும் தனியாக வையுங்கள்.

உப்பங்காற்று | ஜனவரி 19, இரவு 9.05

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

நவம்பர் 16-லிருந்து 28 வரை நான்கு தடவையாகப் போட்டேன், ஒரு தடவைக்கு 4 கிலோ எண்ணெய். மொத்தம் 194 கட்டி. மூங்கில் தட்டு போதவில்லை, ரொட்டிக் கடைக்காரரிடம் பழைய பிளாஸ்டிக் டிரே கேட்டு வாங்கிக் கழுவிப் பட்டர் பேப்பர் விரித்தேன். விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். மழை விடாமல் பெய்த ஒரு வாரம் எல்லாக் கட்டியும் வேர்த்தது. மூங்கில்தட்டு சொன்னது நினைவில் இருந்ததால் கை வைக்கவில்லை, மழை விட்ட மூன்றாம் நாள் தானாகக் காய்ந்துவிட்டது.

குறி போட்ட கட்டி முதல் நாள் 122 கிராம். ஒரு வாரத்தில் 117, மூன்றாவது வாரம் 111, ஐந்தாவது வாரம் 108, ஆறாவது வாரமும் 108, ஏழாவது வாரமும் 108. அதன் பிறகுதான் காகிதம் சுற்றினேன். பிளாஸ்டிக் உறை போடவில்லை.

ஒரே ஒரு கட்டியை வேண்டுமென்றே பழைய கம்பித் தட்டில் வைத்திருந்தேன், இந்த நான்கில் முதல் தடவை போட்ட புதுக் கலவையிலிருந்து. மற்ற எல்லாமே ஒன்றுதான், இடம் மட்டும் வேறு. ஆறாவது வாரம் அதில் இரண்டு புள்ளி, கடுகைவிடச் சின்னது, இரண்டுமே கம்பி பட்ட கோட்டில். மற்ற 193-ல் ஒன்றில்கூட இல்லை. காகிதம் சுற்றும்போது ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

200-க்கு ஏழு குறைந்தது. அண்ணியிடம் சொல்லிவிட்டேன், வீட்டு ஆட்களின் பையில் அது இல்லாமலே வைத்துக்கொண்டோம்.

செக்கடி | ஜனவரி 20, காலை 5.50

மனசு நிறைந்தது அம்மா. கம்பித் தட்டில் வைத்த அந்தக் கட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூங்கில் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அதன் பக்கத்திலேயே, தொடாமல், ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து மாதம் ஒரு தடவை பாருங்கள். சித்திரை வெயில் தாண்டி இரண்டும் எப்படி இருக்கின்றன என்று இங்கே எழுதுங்கள்.

உப்பங்காற்று | ஜனவரி 20, காலை 9.30

வைத்துவிட்டேன் அண்ணா. பெட்டியின் மேல் தேதியும் எழுதியாயிற்று.